ஒன்றரைக் கல் சுவரா, ஈயத் தகடா? கும்பகோணத்துப் பழைய வீடு ஒன்றில் எக்ஸ்ரே அறை

கும்பகோணத்தில் எனக்கு நெடுநாள் பழக்கமான எலும்பு மருத்துவர் ஒருவர், தம் தாத்தா கட்டிய வீட்டின் பின்பாதியை மருத்துவமனையாக மாற்றி, அதில் எக்ஸ்ரே கருவி ஒன்றை நிறுவ முடிவு செய்தபோது, மருத்துவ இயற்பியல் படித்தவன் என்ற முறையில் என்னை அழைத்துச் சென்று இடத்தைக் காட்டினார். காவிரிக் கரை ஊர்களில் பழைய தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வீட்டின் அமைப்பை விவரிக்க வேண்டியதில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று அகலம் குறைந்து நீளம் மிகுந்து போகும் வீடு. இருபுறமும் பக்கத்து வீட்டாருடன் பங்கிட்டுக்கொண்ட பொதுச் சுவர். அறைக்கென ஒதுக்கிய இடத்தின் இடப்புறப் பொதுச் சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெரியவரின் படுக்கையறை இருக்கிறது. அந்தச் சுவர் ஒரு கல் சுவர், அதாவது ஒன்பது அங்குலம். நடுவில் விளக்கு வைக்க விட்ட மாடம் ஒன்றும் உண்டு.

மருத்துவரின் முன் நான்கு வழிகள் இருந்தன. பொதுச் சுவரோடு ஒட்டி அரைக் கல் சுவர் ஒன்றை எழுப்பி ஒன்றரைக் கல்லாக்குவது. சுவரின்மேல் ஈயத் தகடு பொருத்துவது. பேரியம் கலந்த சாந்து பூசுவது. இவை எதுவுமின்றி இலகுவான புதுவகைக் கற்களால் உள்ளே ஒரு தடுப்பு வைப்பது. கடைசி வழி கொத்தனாரின் யோசனை. “ஒரு கல் சுவரே இருக்கையில இன்னும் எதுக்குங்க ஐயா, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம்தானே?” என்று அவர் கேட்ட கேள்வி உண்மையில் நல்ல கேள்வி. ஒன்பது அங்குலத்தில் பெரும்பகுதி நின்றுவிடுகிறது என்றால், இன்னும் நாலரை அங்குலம் எதற்காக? இதற்கு விடை, எக்ஸ்கதிர் ஒரு பொருளுக்குள் எப்படி மெலிகிறது என்பதில் இருக்கிறது. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்த நான்கு வழிகளை விலையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது.

சுவருக்குள் நுழையும் எக்ஸ்கதிர்க் கற்றை என்பது கோடிக்கணக்கான போட்டான்களின், அதாவது ஒளித்துகள்களின், கூட்டம். ஒவ்வொரு போட்டானும் வழியில் ஏதேனும் ஓர் அணுவோடு மோதி உறிஞ்சப்படலாம், திசை மாறிச் சிதறலாம், எதிலும் படாமல் தப்பியும் போகலாம். முதல் மில்லிமீட்டரைத் தாண்டி வந்த போட்டானுக்குத் தான் தாண்டி வந்தது நினைவில் இராது. இரண்டாவது மில்லிமீட்டரில் அது மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு முதலில் இருந்த அதே வாய்ப்புதான். ஆகவே ஒவ்வோர் அடுக்கும் வெட்டிக் கழிப்பது குறிப்பிட்ட எண்ணிக்கையை அன்று, தன்னிடம் வந்து சேர்ந்ததில் குறிப்பிட்ட பங்கை. 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (போட்டானின் ஆற்றலை அளக்கும் அலகு இது) ஆற்றலுள்ள போட்டான்களுக்கு, கன சென்டிமீட்டருக்கு 1.6 கிராம் எடையுள்ள சாதாரணச் செங்கல்லில் மெலிவுக் கெழு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.27. ஒரு மில்லிமீட்டர் செங்கல் நூற்றுக்கு 2.7 பங்கைக் கழிக்கிறது என்று இதற்குப் பொருள். அப்படியானால் ஒரு சென்டிமீட்டர் நூற்றுக்கு 27ஐக் கழிக்கும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கழிவது 24 தான், ஏனெனில் இரண்டாவது மில்லிமீட்டர் கழிப்பது மிச்சம் இருந்ததில் 2.7 பங்கு, மூன்றாவது கழிப்பது அதற்கும் மிச்சத்தில். கணக்கில் இதை அடுக்குக்குறி மெலிவு என்கிறோம்: 2.718 என்ற எண்ணை, மெலிவுக் கெழுவையும் தடிமனையும் பெருக்கி வந்த தொகையின் எதிர்மறை அடுக்குக்கு உயர்த்தினால், கடந்து செல்லும் பங்கு கிடைத்துவிடும். ஒளிக்கு இந்த விதியை புகே 1729இலும் லாம்பர்ட் 1760இலும் எழுதிவைத்தார்கள். எக்ஸ்கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே விதி தயாராக இருந்தது.

இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளத் தமிழில் நமக்கு ஒரு வசதி உண்டு. அரை, கால், அரைக்கால், மாகாணி, அரைவீசம், கால்வீசம் என்று பாதி பாதியாக இறங்கும் பின்னங்களுக்கு நம் முன்னோர் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். எந்தத் தடிமன் கற்றையைப் பாதியாக்குகிறதோ அதை அரை மதிப்புத் தடிமன் என்று சொல்வது இயற்பியல் வழக்கு. மேலே சொன்ன செங்கல்லுக்கு அது ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். ஓர் அங்குலம் தாண்டினால் அரை, இரண்டு தாண்டினால் கால், மூன்றில் அரைக்கால், நான்கில் மாகாணி. ஒன்பது அங்குலச் சுவரில் ஒன்பது முறை பாதியாகி, 512இல் ஒரு பங்கு வெளியே வருகிறது. பதின்மூன்றரை அங்குலச் சுவரில் ஏறத்தாழ 11,600இல் ஒரு பங்குதான் வருகிறது. தடிமன் ஒன்றரை மடங்காகும்போது கசிவு ஒன்றரை மடங்கு குறைவதில்லை, இருபது மடங்குக்கும் மேல் குறைகிறது. கொத்தனாருக்குச் சொல்ல வேண்டிய விடையின் முதல் பாதி இதுதான்.

மற்றப் பாதி, இது ஒருபோதும் பூச்சியமாகாது என்பது. வாய்க்கால் தண்ணீர் வழிநெடுகப் பிரிந்துபோய்க் கடைமடையில் உண்மையாகவே வற்றிவிடும். கடைமடை விவசாயிக்கு மிஞ்சுவது வெறும் வாய்க்கால்தான். எக்ஸ்கதிருக்கு அப்படி ஒரு கடைமடை இல்லை. எவ்வளவு தடித்த சுவருக்கு அப்பாலும் ஒரு துளி இருக்கும். எனவே “கதிர் வெளியே வருமா?” என்று கேட்பதில் பயனில்லை, “வருவது எவ்வளவு, அது வரம்புக்குள் இருக்கிறதா?” என்பதே கேட்க வேண்டிய கேள்வி. இந்தியாவில் பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் (உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது வரம்பு. கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மிகாமல். பக்கத்து வீட்டுப் பெரியவர் பொதுமக்களில் ஒருவர். அவர் என்னிடம் கேட்டது, சுவரில் கதிர் தங்கி இரவெல்லாம் வீசுமா என்று. தங்காது, பொத்தானை விட்ட கணத்தில் குழாயில் கதிர் நின்றுவிடும், சுவரில் எதுவும் சேர்ந்து கிடப்பதில்லை. அவருடைய அச்சத்தில் அந்தப் பகுதி தேவையற்றது. சுவரைப் பற்றிய கேள்வி மட்டும் தேவையானதே.

வரம்பை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். எல்லாவற்றையும் மிகையாகவே வைத்துக்கொண்டோம்: நாளொன்றுக்கு 40 படங்கள், ஆண்டுக்கு 300 நாள், ஒவ்வொரு படத்துக்கும் நோயாளியின் தோலில் 5 மில்லிகிரே. ஆண்டுக்கு மொத்தம் 60,000 மில்லிகிரே. (மில்லிகிரே என்பது உறிஞ்சப்பட்ட கதிரின் அலகு; இந்தக் கணக்குக்கு ஒரு மில்லிகிரேயை ஒரு மில்லிசீவர்ட்டாகவே கொள்ளலாம்.) நோயாளியின் உடலில் பட்டுப் பக்கவாட்டில் சிதறுவது, ஒரு மீட்டர் தூரத்தில், ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான மதிப்பீடு. அது 60 மில்லிகிரே. இரண்டு மீட்டரில் அது கால் பங்காகி 15. ஒரு கல் சுவரின் 512இல் ஒரு பங்கைப் போட்டால் ஆண்டுக்கு 0.03 மில்லிகிரே. வரம்பின் அருகில் கூட வரவில்லை. ஆகச் சிதறல் மட்டும் விழும் சுவருக்கு ஒரு கல்லே போதும் என்ற கொத்தனாரின் உள்ளுணர்வு சரியானதே.

நேர்க்கற்றை, அதாவது குழாயிலிருந்து சிதறாமல் நேராக வரும் கற்றை, விழும் சுவருக்குக் கதை வேறு. அதே 60,000 மில்லிகிரே நோயாளியின் உடலுக்குள் நுழைகிறது. மென்திசுவில் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு அரை மதிப்புத் தடிமன் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; 20 சென்டிமீட்டர் உடலைக் கடக்கும்போது ஆறு முறை பாதியாகிக் கால்வீசம், அதாவது 64இல் ஒரு பங்கு, வெளியே வரும். (படம் கிடைப்பதே இந்தக் கால்வீசத்தில்தான்; எலும்பு இருக்கும் வழியில் இன்னும் குறைவாகவும் நுரையீரல் வழியில் மிகுதியாகவும் வருகிற வேறுபாடுதான் படம்.) தூரத்தால் மேலும் பத்தில் ஒரு பங்காகிறது என்று கொண்டால் சுவரில் விழுவது ஆண்டுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிரே. ஒரு கல் சுவருக்கு அப்பால் 0.2. இது தாளில் வரம்புக்குள் இருந்தாலும், சற்றுப் பின்னால் சொல்லப்போகும் காரணத்தால் உண்மையில் பல மடங்கு கூடக்கூடிய எண். ஒன்றரைக் கல்லுக்கு அப்பால் அது 0.01க்கும் கீழே போகிறது. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழிகாட்டுதல்களில், நேர்க்கற்றை விழும் சுவர் 35 சென்டிமீட்டர் செங்கல்லுக்கோ அதற்கு இணையானதற்கோ குறையக் கூடாது, சிதறல் விழும் சுவர் 23 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று இரண்டு எண்கள் இருப்பதன் பொருள் இந்தக் கணக்கில் விளங்கும். ஒன்றரைக் கல், ஒரு கல் என்று நம் கொத்தனார்கள் சொல்வதும் அதே இரண்டு அளவுகளே.

இனி அந்த மாடம். விளக்கு மாடத்தின் ஆழம் பத்து சென்டிமீட்டர். அவ்விடத்தில் சுவர் 13 சென்டிமீட்டர்தான். பாதியாவது ஒன்பது முறைக்குப் பதில் ஐந்து முறை. கசிவு 512இல் ஒன்று என்பதிலிருந்து 32இல் ஒன்றாகிறது. நேர்க்கற்றை தப்பித்தவறி அந்த இடத்தில் விழுந்தால் ஆண்டுக்கு 3 மில்லிகிரே, வரம்பைப் போல் மூன்று மடங்கு. சுவரின் மற்ற இடமெல்லாம் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை. ஒரு சாண் அகலமுள்ள மாடம் முழுச் சுவரின் கணக்கையும் கெடுத்துவிடும். இதே பிழையை மின்பெட்டி பதிக்கச் சுவரைக் குடைவதில் நான் வேறோர் ஊரில் பார்த்திருக்கிறேன். அங்கே அறையைக் கட்டியவர் சுவரின் தடிமனை வரைபடத்தில் காட்டினாரே தவிர, பெட்டியின் ஆழத்தைக் காட்டவில்லை.

ஈயத்துக்கு வருவோம். எக்ஸ்கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்ஜன் 1895 டிசம்பரில் வெளியிட்ட முதல் அறிக்கையிலேயே, ஒன்றரை மில்லிமீட்டர் ஈயம் இக்கதிர்களை நடைமுறையில் முற்றிலும் தடுத்துவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். அன்றிலிருந்து ஈயம் என்றாலே பாதுகாப்பு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. நியாயமும் உண்டு: 1.7 மில்லிமீட்டர் ஈயத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு 19 கிலோ. அதற்கு இணையாக வழிகாட்டுதல் காட்டும் 23 சென்டிமீட்டர் செங்கல் சுவர் ஒரு சதுர மீட்டருக்கு 370 கிலோவுக்குப் பக்கம். அறை மாடியில் இருந்தால், அதிலும் மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால், செங்கல் சுவர் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஈயம்தான் வழி. நம் மருத்துவரின் அறை தரைத்தளத்தில் இருந்ததால் இந்த வாதம் பொருந்தவில்லை.

ஆனால் ஈயத்தின் மெலிவுக் கெழு ஆற்றலோடு மாறும் விதம் பலர் நினைப்பதுபோல் சீரானதன்று. ஆற்றல் கூடக்கூட ஊடுருவல் கூடும் என்பது பொதுவிதி. ஈயம் இந்த விதியை 88 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முறை முறிக்கிறது. அந்த ஆற்றலுக்குக் கீழே ஈய அணுவின் மிக உள்ளே இருக்கும் எலக்ட்ரான்களைப் பிடுங்க போட்டானுக்கு வலுவில்லை; அதைத் தாண்டியதும் வலு வந்துவிடுவதால் உறிஞ்சல் சட்டென நான்கு மடங்காகிறது. விளைவு: 1.7 மில்லிமீட்டர் ஈயம் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஏறத்தாழ 16,000இல் ஒன்றையும், 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் 44,000இல் ஒன்றையும் மட்டுமே விடுகிறது. நடுவே 80இல் நூற்றில் ஒன்றை விட்டுவிடுகிறது. 80 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் மட்டும் பார்த்தால், கணக்குப்படி ஒரு கல் செங்கல் சுவர் (1,200இல் ஒன்று) ஈயத்தை வெல்கிறது. குழாய்க்கு 100 கிலோவோல்ட் கொடுக்கும்போது வெளிவருவது ஒரே ஆற்றல் அன்று, 100 வரை எல்லா ஆற்றலும் கலந்த கலவை; அதில் ஈயத்தின் இந்த வலுக்குறைந்த வாசலும் அடக்கம்.

கலவை என்பதால் இன்னொன்றும் நேர்கிறது. அரிசி ஆலையில் முதல் சல்லடையிலேயே தவிடும் குருணையும் கழிந்துவிட்டால் அடுத்த சல்லடையில் கழிய அதிகம் இருப்பதில்லை. அதுபோல, சுவரின் முதல் சில சென்டிமீட்டர்கள் மெல்லிய ஆற்றல் போட்டான்களை முதலில் அள்ளிவிடுகின்றன. உள்ளே போகப் போக மிஞ்சுவது வலுத்தவை. முதல் அரை மதிப்புத் தடிமனைவிட இரண்டாவது பெரிதாக இருக்கும், மூன்றாவது அதைவிடப் பெரிதாக. நேர்கோடாக இறங்க வேண்டிய மடக்கை வரைபடம் வளைந்து படுத்துக்கொள்ளும். நான் செங்கல்லுக்குச் சராசரி ஆற்றலை எடுக்காமல் 100ஐ எடுத்துக் கணக்கிட்டதன் காரணம் இதுதான்; 60ஐ எடுத்திருந்தால் ஒரு கல் சுவர் பத்தாயிரத்தில் ஒன்றை மட்டுமே விடுகிறது என்று மனநிறைவான ஒரு பொய்யைப் பெற்றிருப்பேன்.

முன்பு சொல்வதாகச் சொன்ன காரணம் சிதறல் பற்றியது. அடுக்குக்குறி விதி, மோதிய போட்டான் எல்லாம் ஒழிந்தது என்று வைத்துக்கொள்கிறது. மெல்லிய கற்றையை ஒரு துளை வழியே அனுப்பி ஆய்வகத்தில் அளந்தால் அது உண்மை. அகன்ற கற்றை செங்கல் சுவரில் விழும்போது, இந்த ஆற்றல்களில் செங்கல்லில் பெரும்பாலும் நடப்பது காம்ப்டன் சிதறல், அதாவது எலக்ட்ரானில் மோதிய போட்டான் ஒழியாமல் திசை மாறிப் போவது; சிதறியவற்றில் ஒரு பகுதி முன்னோக்கியே போய் அப்புறம் வெளிவந்துவிடும். ஈயத்தில் பெரும்பாலும் நடப்பது ஒளிமின் விளைவு, அதாவது முழு உறிஞ்சல். எனவே ஈயத்துக்கு இந்தத் திருத்தம் குறைவு. செங்கல்லுக்கு வெறும் விதி தரும் எண்ணைவிடக் கசிவு பல மடங்கு கூடலாம். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் தனி அடுக்குக்குறி விதியை விட்டு, 1983இல் ஆர்ச்சரும் உடனிருந்தோரும் தந்த மூன்று கெழுக்கள் கொண்ட சமன்பாட்டை அளவீடுகளோடு பொருத்திப் பயன்படுத்துகிறார்கள். என் கணக்கு, வழிகளை ஒப்பிடப் போதுமானது. அனுமதிக்கு விண்ணப்பிக்கும் வரைபடத்துக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

பேரியம் சாந்து இந்த ஒப்பீட்டில் நான் எதிர்பாராத இடத்தைப் பிடித்தது. பேரியம் சல்பேட் என்பது வயிற்றுப் படம் எடுக்கும்முன் நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும் அதே வெள்ளைப் பொருள். அதன் கனிமமான பேரைட், ஆந்திரத்தில் கடப்பைப் பக்கம் மங்கம்பேட்டையில் பெருமளவு வெட்டியெடுக்கப்படுகிறது. பேரியம் அணுவின் உள் எலக்ட்ரான்களைப் பிடுங்கும் வலு போட்டானுக்கு 37 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலேயே வந்துவிடுவதால், 60இலும் 80இலும் ஒரு கிராம் பேரியம் சல்பேட் ஒரு கிராம் ஈயத்துக்குச் சமமாகவே நிற்கிறது. எடைக்கு எடை கணக்கிட்ட மெலிவுக் கெழு 60இல் இரண்டுக்கும் கிராமுக்கு 5 சதுர சென்டிமீட்டர், 80இல் இரண்டுக்கும் 2.4. ஈயத்தின் வலுக்குறைந்த வாசலில் பேரியம் அதனோடு தோள் ஒட்டி நிற்கிறது என்பது விற்பவர்கள்கூடச் சொல்லாத நல்ல செய்தி. ஆனால் 88ஐத் தாண்டியதும் ஈயம் எகிறிவிடப் பேரியம் கீழேயே இருக்கும். 100இல் ஈயத்தில் நான்கில் ஒரு பங்குதான். நெஞ்சுப் படத்துக்கு 110, 120 கிலோவோல்ட் வைக்கும் அறையில் பேரியச் சாந்தை அதற்கேற்பத் தடிமனாகவே பூச வேண்டும்.

பேரியத்தில் என்னைத் தயங்க வைத்தது பூச்சுவேலை. கன சென்டிமீட்டருக்கு இரண்டு கிராம் பேரைட் அடங்கிய சாந்து என்று கொண்டால், 80இல் அதன் அரை மதிப்புத் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பூசுபவர் கையில் மூன்று மில்லிமீட்டர் குறைந்துபோனால் கசிவு நான்கு மடங்கு. செங்கல் சுவரில் அதே மூன்று மில்லிமீட்டர் குறைந்தால் நூற்றுக்கு எட்டு, பத்து பங்கு வேறுபாடுதான். அரை மதிப்புத் தடிமன் சிறுத்துக்கொண்டே வரும்போது பொருள் மெல்லியதாகிறது, எடை குறைகிறது, கூடவே பிழைக்கு விடும் இடமும் சுருங்கிவிடுகிறது. விலையைவிட, வலிமையைவிட, இந்த ஒப்பீட்டில் எனக்கு முதன்மையாகப் பட்டது இதுவே: எந்தப் பொருளின் அரை மதிப்புத் தடிமன், அதைக் கையாளும் தொழிலாளியின் வழக்கமான கைப்பிழையைவிடப் பெரிதாக இருக்கிறது? கொத்தனாரின் கைப்பிழை அரை அங்குலம் என்றால் செங்கல்லின் அரை மதிப்பு ஓர் அங்குலம். மற்ற இரண்டுக்கும் இந்தத் தாராளம் இல்லை.

ஈயத் தகட்டின் தடிமன் ஆலையில் உருட்டி வருவதால் சீராக இருக்கும். அதில் கைப்பிழை நேர்வது இணைப்புகளில். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விளிம்போடு விளிம்பாக வைக்கப்பட்டு, ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டால் அது ஆயிரத்தில் ஒரு பங்குப் பரப்பு. 16,000இல் ஒன்றை விடும் தகடு, இடைவெளியையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 16 மடங்கு அதிகம் விடுகிறது. ஆணி அடித்த துளைகளும் அப்படியே. மேலும் ஈயம் தன் எடையாலேயே ஆண்டுக்கணக்கில் மெல்லக் கீழிறங்கும் உலோகம். பலகையோடு ஒட்டி முழுதும் தாங்கிப் பிடிக்காவிட்டால் மேல்விளிம்பில் வாய் திறக்கும். நம் பகுதியில் இதற்கு மேல் ஒன்று உண்டு. காவிரிப் படுகை வீடுகளில் சுவரின் அடியிலிருந்து ஓதம் ஏறாத வீடு குறைவு. ஈரமும் சுண்ணாம்பும் சிமென்ட்டும் சேர்ந்த காரத்தில் ஈயம் அரிபடும். உப்புப் பூத்து உதிரும் சுவரில் தகட்டை நேரே பொருத்துவது, தெரிந்தே புதைப்பதற்குச் சமம். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: பொதுச் சுவரின்மேல் கூடுதலாகத்தான் ஈயம் வருகிறது என்றால், இடைவெளிக்குப் பின்னே ஒரு கல் சுவர் இருக்கிறது, பழுது பேரிடராகாது. கதவில் அப்படிப் பின்துணை எதுவும் இல்லை.

இலகுக் கற்களைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. செங்கல், கான்கிரீட் போன்ற பொருள்களில் அணுக்கள் ஏறத்தாழ ஒரே இனம். மெலிவை முடிவு செய்வது சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிராம் நிற்கிறது என்பதே. 15, 16 சென்டிமீட்டர் கான்கிரீட் 23 சென்டிமீட்டர் செங்கல்லுக்கு இணையாவது அதனால்தான். கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் எடையுள்ள காற்றடைத்த கல் 20 சென்டிமீட்டர் வைத்தாலும் 100இல் அரைக்காலுக்குப் பக்கம் வெளியே விட்டுவிடும். கண்ணுக்கு ஒன்பது அங்குலச் சுவர் போலவே தெரியும் என்பதுதான் அதில் உள்ள அபாயம். உள்ளே வெற்றிடம் உள்ள ஹாலோ பிளாக்கும், கான்கிரீட் நிரப்பாவிட்டால், அதே வகை.

ஐந்தாவதாக ஒரு வழி இருந்தது. அதற்குச் செலவே இல்லை என்பதால் யாரும் அதை வழியாகக் கருதவில்லை. கற்றையின் திசை. மேசையையும் நெஞ்சுப்படத் தாங்கியையும் பொதுச் சுவரை நோக்கி வைப்பதாக விற்பனையாளர் வரைந்திருந்தார். வீடு நீளவாக்கில் கொல்லையை நோக்கி ஓடுகிறது. கொல்லைப்புறச் சுவருக்கு அப்பால் கிணறும் இரண்டு தென்னையும் மட்டுமே. தாங்கியை அந்தப் பக்கம் திருப்பினால் நேர்க்கற்றை பொதுச் சுவரில் விழும் வழக்கமே இல்லாமல் போகிறது. அதில் விழுவது சிதறல் மட்டும். தூரத்திலும் சிறிது ஆதாயம் உண்டு: சிதறும் இடத்திலிருந்து சுவர் இரண்டு மீட்டருக்குப் பதில் நான்கு மீட்டரில் இருந்தால் கால் பங்கு, அதாவது இரண்டு அங்குலச் செங்கல்லுக்குச் சமம். ஆனால் செங்கல்லில் மேலும் இரண்டு அங்குலம் மேலும் ஒரு காலைத் தரும். தூரத்தில் மேலும் ஒரு காலைப் பெற எட்டு மீட்டர் வேண்டும். 18 சதுர மீட்டருக்குக் குறையாத அறை என்பதே வழக்கமான வழிகாட்டுதல். நம் தெரு வீடுகளின் அகலத்தில் எட்டு மீட்டர் என்பது பக்கத்து வீட்டையும் விலைக்கு வாங்கினால்தான்.

இவ்வளவையும் வைத்து நான் மருத்துவருக்குச் சொன்னது இது. தாங்கி கொல்லைப்பக்கம் திரும்பட்டும். அந்தச் சுவரைப் புதிதாக ஒன்றரைக் கல்லாகக் கட்டட்டும். பொதுச் சுவருக்குச் சிதறல் கணக்கில் ஒரு கல்லே போதும், மாடத்தைச் செங்கல்லும் சிமென்ட் சாந்தும் கொண்டு இடைவெளியின்றி அடைத்த பின். ஆயினும் மேசையைக் குறுக்காகத் திருப்பிப் படம் எடுக்கும் நாள் வரக்கூடும், தொழில்நுட்பர்கள் மாறுவார்கள், கற்றையைக் கிடையாகச் செலுத்த வேண்டிய முறிவுகளும் எலும்பு மருத்துவரிடம் வரும். எனவே அரைக் கல் சுவர் ஒன்றைத் தனி அடித்தளத்தோடு, பழைய சுவரின் பூச்சைச் செதுக்கிவிட்டு, பழைய இணைப்புகளுக்கு நேரே புது இணைப்புகள் வராதபடி எழுப்பிவிடலாம். மூன்று மீட்டர் உயரத்துக்கு அது ஒரு மீட்டர் நீளத்தில் 550 கிலோவுக்கு வரும். ஆற்றில் தண்ணீர் வந்தால் உப்பி, கோடையில் வெடிக்கும் களிமண்ணில் அடித்தளத்தைக் குறைத்துக் கட்டினால் சுவர் தனியே இறங்கி விரிசல் காணும், விரிசல் என்றால் மறுபடி இடைவெளிக் கணக்கு. கதவுக்கு ஈயம்தான்: 1.7 மில்லிமீட்டர், நிலைச்சட்டத்தின் மேலும் ஏறி வரும்படி. கதவை ஒட்டி, நடை குறுகலாக இருப்பதால் அரைக் கல் சேர்க்க இடமில்லாத இரண்டடி அகலப் பகுதியில் மட்டும் பேரியம் சாந்து, தடிமனுக்கு மரச்சட்டம் அடித்து மட்டம் பார்த்து. வெளிச்சத்துக்கான சன்னல் வெளித்தரையிலிருந்து இரண்டு மீட்டருக்கு மேலே.

கொத்தனார் ஒரு கேள்வியோடு நின்றார்: அரைக் கல் சுவரைச் சுண்ணாம்புச் சாந்தில் கட்டலாமா, பழைய சுவரோடு ஒத்துப்போகுமே என்று. கதிருக்கு அதில் தடையில்லை. சுண்ணாம்பில் உள்ள கால்சியம் மணலைவிடச் சற்று அதிகமாகவே உறிஞ்சும். நிமிர்ந்த இணைப்புகளில் சாந்து முழுதும் நிறைய வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கருவி வந்து இறங்கியதும், பெரியவரின் அனுமதி பெற்று, அவர் கட்டில் தலைமாட்டிலும் பழைய மாடத்துக்கு நேரே உள்ள இடத்திலும் கதிர் அளவி வைத்து, நீர்த்தொட்டி ஒன்றை நோயாளிக்குப் பதிலாகக் கிடத்தி, அதிகபட்ச கிலோவோல்ட்டில் அளந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.